கை நனைக்காத ஞாயிறு

சாப்பாட்டுக்கு ஐந்தில் எத்தனை மார்க் என்று கேட்டால் நான் என்ன சொல்வதம்மா? நான் சாப்பிடவில்லை.

இல்லை, ராங் நம்பர் இல்லை. உங்கள் கடைக்கு வந்தவன்தான். இந்த மாதம் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தேன். இரண்டு இருபத்தைந்துக்கு எழுந்தேன். ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடவில்லை. தண்ணீர் குடித்தேன், ஐந்து தம்ளர். தண்ணீருக்கு வேண்டுமானால் மார்க் சொல்கிறேன். தம்ளர் பாதி குறைவதற்கு முன்னால் ஊற்றினார்கள், ஐந்து தடவையும். ஐந்துக்கு ஐந்து போட்டுக்கொள்ளுங்கள்.

சர்வீஸுக்கா? அது சொல்லலாம். அது நிறையவே சொல்லலாம். உங்களுக்கு நேரம் இருக்கிறதா? இந்தப் பேச்சு பதிவாகிறதா? பரவாயில்லை, ஆகட்டும். நான் தப்பாக ஒன்றும் சொல்லப்போவதில்லை.

என் பெயர் வைரக்கண்ணு. உங்கள் பெயர்? ஜெனிட்டா. நீங்கள் கடையிலிருந்தேதான் பேசுகிறீர்களா? மேல்மாடி ஆபீஸா. நல்லது. எங்கோ வெளியூரில் உட்கார்ந்து பேசுகிறவர் என்றால் கடையின் அமைப்பு புரியாது.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் முப்பத்து நாலு வருஷம் ஒரு கல்யாணச் சமையல் காண்டிராக்டரிடம் பந்தி பார்த்தேன். சமைக்கிறவன் இல்லை. பரிமாறுகிற ஆட்களை நிறுத்துகிறவன். எந்த வரிசைக்கு எத்தனை பேர், யார் கையில் சாம்பார் வாளி, யார் கையில் ரசம், எந்த இலையில் என்ன தீர்ந்திருக்கிறது, இதைப் பார்க்கிற வேலை. அதற்கு வாய் தேவையில்லை, கண் போதும். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. இப்போது போனில் என்பதால் வருகிறது. உங்கள் முகம் தெரியாமல் இருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது.

முதலில் வாசல். கதவைத் திறந்து ஒரு கால் உள்ளே வைத்தேன். உள்ளே இருந்த வேலை ஆட்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஆறு பேர். எனக்குப் பின்னால் யாரோ திருடன் வருகிறான் என்று நினைத்து நான் வெளியே போய்விட்டேன். சுகந்திதான் வந்து, "அப்பா, அது வாங்கன்னு சொல்றது. ஜப்பான்ல அப்படித்தான் கூப்புடுவாங்க" என்றாள். மறுபடி உள்ளே வந்தேன். மறுபடி கத்தினார்கள். ஒருவருக்கு ஒரு தடவை போதும். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

சுகந்தி என் மகள். ஒரே மகள், இருபத்தொன்பது வயது. எலும்பு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறாள். உங்கள் கடையில் சோற்றைக் கையால் பிடித்து மேலே மீன் வைத்து சுஷி செய்கிற மோவா என்ற தம்பி, மணிக்கட்டு வலி என்று அவளிடம் பதினாறு தடவை போயிருக்கிறார். எட்டாவது தடவையிலேயே வலி போய்விட்டதாம். மீதி எட்டுக்கு எதற்குப் போனார் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்காமலே சுகந்தி சொன்னாள். அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள்.

ஆமாம், அதே மோவாதான். நாகாலாந்துக்காரர், ஆனால் தமிழ் பேசுவார். உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா, ஒரே கடையில்தானே வேலை. கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் அம்மா, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்டுவிடும்.

எனக்கு மோவாவின் மேல் ஒன்றும் இல்லை. ஊர் தூரம், சாப்பாடு வேறு, கோயில் வேறு. அதெல்லாம்கூட எனக்கு இல்லை. "நாலு பேர் கேப்பாங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். "எந்த நாலு பேர்ப்பா? பேரைச் சொல்லுங்க" என்றாள் சுகந்தி. எண்ணிப் பார்த்தேன். இரண்டு பேர்தான் வந்தது. அதில் ஒருவர் போன தையில் இறந்துவிட்டார்.

சரி, போய் ஆளைப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. என் மனைவி கமலவேணிக்கு முட்டி வலி, மகளே பார்த்தும் சரியாகவில்லை, அதனால் அவள் வரவில்லை. கிளம்பும்போது ஒன்று சொன்னாள். "ஆளைப் பாருங்க, பேச்சைப் பாருங்க. ஆனா கை நனைச்சுடாதீங்க."

உங்கள் பக்கம் எப்படியோ எனக்குத் தெரியாது. எந்த ஊர் நீங்கள்? சாயர்புரம். அங்கேயும் இருக்கும். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போகிற இடத்தில், மனசு முடிவாகாமல் கை நனைக்க மாட்டோம். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டோம் என்றால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கு மேல் வாயால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. என்னைப்போலப் பேச்சு வராதவனுக்கு இது நல்ல ஏற்பாடு. தண்ணீர் குடிக்கலாம். காபி ஆளைப் பொறுத்தது. சோறு கூடாது.

"இது கடைதானே, அவங்க வீடு இல்லையே" என்று நானும் கேட்டேன். கமலவேணி சொன்னாள்: "வீட்லகூடக் கரண்டியாலதான் போடுவாங்க. இவரு தன் கையால புடிச்சு வெக்கிற சோறு. இதுக்கு மேல என்ன வேணும்?"

சரி என்று செருப்பை மாட்டினேன்.

ஆட்டோவில் வரும்போது சுகந்தி என் பக்கம் திரும்பாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒண்ணே ஒண்ணு எடுத்து வாயில போட்டாப் போதும்ப்பா. நீங்க எதுவும் பேச வேணாம். எனக்குத் தெரிஞ்சிடும்."

இதுதான் விஷயம். ஒரு வாய் சாப்பிட்டால் கல்யாணம். இல்லை என்றால் இல்லை. இதை முன்னாலேயே சொல்லிவிட்டால் பிறகு நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

உங்கள் கடையில் அந்த நீள மேடைக்கு முன்னால் எட்டு ஸ்டூல் இருக்கிறது. எனக்கு மூன்றாவது, எனக்கு வலப்பக்கம் சுகந்தி. மேடைக்கு அந்தப் பக்கம் மோவா. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, நகம் ஒட்ட வெட்டியிருந்தது. பத்து நகமும் பார்த்தேன். என்னைப் பார்த்துக் குனிந்து வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. அவருக்கும் பேச்சு வராது போலிருக்கிறது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

சூடாக ஒரு ஈரத் துண்டு கொடுத்தார்கள். கை துடைத்தேன். துடைப்பது கணக்கில் வராது.

இஞ்சி ஊறுகாயை வலது பக்கம் வைத்தார்கள். எங்கள் வழக்கத்தில் ஊறுகாய் இடது பக்கம் மேலே. ஆனால் அங்கே இலையே இல்லை, கருப்பாக ஒரு கல் பலகைதான். அதனால் அதற்குக் குறைக்கவில்லை. மீன் பச்சையாக இருந்தது. அது உங்கள் கடை வழக்கம், அதற்கும் குறைக்கவில்லை.

குறைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பின்னால் கருப்புச் சட்டை போட்ட தம்பி ஒருவர் நடந்துகொண்டே இருக்கிறாரே, அவர் என்னிடம் ஒன்பது தடவை வந்து, "எல்லாம் ஓகேவா சார்?" என்று கேட்டார். சாப்பிடாதவனிடம் ஒன்பது தடவை. பந்தியில் என் ஆட்கள் இப்படி வாயைப் பார்த்துக் கேட்டால் நான் வாளியை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன். இலையைப் பார்த்தால் தெரிய வேண்டாமா? ஒன்பது தடவையும் நான் "ஓகே" என்றேன். வேறு என்ன சொல்வது?

மோவாவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோற்றுத் தொட்டியில் கை விடுகிறார், ஒரு பிடி எடுக்கிறார். கூடிப்போனதைத் திரும்பப் போடுவதோ குறைந்ததற்குக் கொஞ்சம் சேர்ப்பதோ இல்லை. நான் பார்த்த வரை எழுபத்திரண்டு பிடி பிடித்தார். எழுபதில் கை திருத்தவில்லை. இரண்டில் திருத்தினார். அந்த இரண்டும் எனக்கு வைத்தது.

முதலில் வைத்தது சால்மன். பலகையில் வைத்துவிட்டு, "கையாலயே சாப்புடலாம் சார்" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. குச்சி வேண்டாம் என்று சொல்கிற கடையை மதிக்கலாம். ஆனால் தொடவில்லை. நாலு நிமிடம் பார்த்தார். "புடிக்கலயா சார்?" என்றார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று இப்போது நினைவில்லை. எடுத்துவிட்டு டூனா வைத்தார். அதுவும் நாலு நிமிடம். பச்சை மீன் ஆகாது போலிருக்கிறது என்று நினைத்திருப்பார், வேக வைத்த இறால் வைத்தார். பிறகு முட்டை. பிறகு மனுஷர் சைவம் என்று நினைத்து வெள்ளரிக்காய். பிறகு வறுத்த கத்தரிக்காய்.

ஐந்தாவது ஸ்டூலில் ஒரு பெரிய உடம்புக்காரர் இருந்தார். இருபத்து மூன்று சாப்பிட்டார், இன்னும் கண் என் பலகையின் மேலேயே. "பெரியவரே, அந்த டூனா திரும்பிப் போகுதே, மனசு ஆறலையே எனக்கு" என்றார். சுகந்தியைத் தாண்டி எட்டிப் பார்த்து, "டாக்டர் சாப்பிடக் கூடாதுன்னுட்டாரா?" என்றார். நான் "ஆமாம்" என்றேன். "அப்ப எதுக்கு இங்க வந்து உக்காந்து எங்களையும் பயமுறுத்தறீங்க?" என்றார். நியாயமான கேள்விதான்.

சுகந்தி, ஒவ்வொரு தடவை மோவா என் பலகையிலிருந்து எடுக்கும்போதும் தண்ணீர் குடித்தாள். ஆறு தடவை.

இதற்கு நடுவில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். மோவா சுஷியைப் பலகையில் நேராக வைப்பதில்லை. கொஞ்சம் சாய்த்து வைக்கிறார், எடுக்கிற கைக்குத் தோதாக. எல்லோருக்கும் ஒரே பக்கம் சாய்வு. சுகந்திக்கு மட்டும் எதிர்ப்பக்கம். முதலில் வரிசை பிசகிவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. எட்டாவது வந்தபோதுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. சுகந்தி இடது கையால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம். எழுதுவது, வெட்டுவது எல்லாம் இடது கை. அதற்கெல்லாம் நான் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் சாப்பாடு அப்படி விட முடியுமா? நான் பந்தி பார்க்கிறவன். என் மகள் பந்தியில் இடது கையால் சோற்றைப் பிசைந்தால் நான் எந்த முகத்தோடு நிற்பது? அதனால் நாலு வயதிலிருந்து ஒன்பது வயது வரை, அவள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் இடது கையை என் கைக்குள் பிடித்துக்கொள்வேன். அடித்ததில்லை. ஒரு தடவைகூட அடித்ததில்லை. பிடித்துக்கொள்வேன், அவ்வளவுதான். ஐந்து வருஷம். இப்போது வலது கையால் ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிடுவாள். வீட்டில் சாப்பிடும்போது அவள் பேசவும் மாட்டாள். அமைதியான பெண் என்று எல்லோரும் சொல்வார்கள்.

அன்றைக்கு உங்கள் கடையில் அவள் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டு பேசினாள். நிறையப் பேசினாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் ஒரு தாத்தா வாக்கிங் ஸ்டிக்கை மறந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போன கதையை அந்த உடம்புக்காரரிடம் சொன்னாள். அவர் சிரித்ததில் சோயா சாஸ் கொட்டியது. அவள் சாப்பிடும்போது பேசுவாள் என்பதே எனக்குத் தெரியாது.

நான் மோவாவிடம் அன்றைக்குக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். "அவளுக்கு மட்டும் ஏன் தம்பி அந்தப் பக்கம் சாய்ச்சு வெக்கிறீங்க?"

"அவங்க லெஃப்ட் ஹேண்ட் சார்."

"அவ சொன்னாளா?"

"இல்ல சார். மொத தடவ கடைக்கு வந்தப்ப வலது கையாலதான் சாப்ட்டாங்க. இடது கைய மடியில வெச்சு அழுத்திப் புடிச்சிருந்தாங்க. அதப் பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்ததை வெட்டப் போய்விட்டார்.

முப்பத்து நாலு வருஷத்தில் என்னிடம் எத்தனையோ ஆட்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். இலையைப் பார்க்கிறவர்கள் உண்டு. மடியைப் பார்க்கிறவன் ஒருவன்கூட இருந்ததில்லை. நான் உட்பட. அந்த இடத்தில் எனக்கு முடிவாகிவிட்டது. மணி ஒன்று பத்து. அடுத்து என்ன வைத்தாலும் எடுத்துச் சாப்பிட்டுவிடுவது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது வர எட்டு நிமிடம் ஆயிற்று. மோவா உள்ளே போய்விட்டு வந்தார். ஒரு பிடி சோறு. அதன்மேல் மீன் இல்லை. கருப்பாக, மெல்லிசாக ஒரு துண்டு. நார்த்தங்காய். சுருள் சுருளாக வெட்டி உப்பில் ஊற வைத்தது. என் வீட்டு ஜாடியில் இருந்தது. எனக்குத் தெரியாதா? அதை வெட்டியவன் நான். சுகந்தி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாள். நான் எதையும் தொடாவிட்டால் கடைசியில் இதை வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

அதை வைத்துவிட்டு மோவா வேறு யாருக்கும் எதுவும் செய்யவில்லை. இரண்டு கையையும் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். சுகந்தி தண்ணீர்த் தம்ளரைக் கையில் பிடித்தபடி இருந்தாள், குடிக்கவில்லை. உடம்புக்காரர்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

நான் கையைத் தூக்கினேன். தூக்கும்போது கடிகாரம் கண்ணில் பட்டது. ஒன்று பதினெட்டு.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டம் அம்மா.

நீங்களே சொல்லுங்கள். பெற்ற மகளின் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்கிற வாய் அது. அதை எமகண்டத்திலா வைப்பது? முப்பத்து நாலு வருஷம் முகூர்த்தம் பார்த்துப் பந்தி போட்டவன் நான். பன்னிரண்டு நிமிடம்தான். சோறு எங்கே போகிறது? மீன்கூட இல்லை, கெட்டுப்போக. கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்றரை அடித்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மோவா காத்திருந்தார். மற்றதற்கெல்லாம் நாலு நிமிடம், இதற்கு எட்டு. ஒன்று இருபத்தாறுக்கு, இரண்டு கையாலும் பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னும் நாலு நிமிடம் பொறுத்திருக்கலாம். அவருக்குத் தெரியாது, குற்றம் சொல்லவில்லை.

சுகந்தி எழுந்து கை கழுவப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று.

ஒன்றரை ஆனது. நான் தயாராக உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் மேடை காலியாக இருந்தது. ஒரு பலகை இல்லை, ஒரு இஞ்சித் துண்டு இல்லை. மோவா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீனைக் கழுவினார். சுகந்தி வந்து, "போலாமாப்பா?" என்றாள். "இருக்கலாம்" என்றேன். ஒன்று முப்பத்தைந்துக்கு "போலாமா?" என்றாள். "இருக்கலாம்மா." ஒன்று ஐம்பதுக்கும் கேட்டாள். எனக்கு முன்னால் யாராவது எதையாவது வைப்பார்கள் என்று ஐம்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். யாரும் வைக்கவில்லை. கருப்புச் சட்டைத் தம்பிகூட அப்புறம் வரவில்லை. வந்து "ஓகேவா சார்" என்று கேட்டிருந்தால் பத்தாவது தடவை நான் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

சர்வீஸில் ஒரு மார்க் குறைப்பது அதற்குத்தான். ஐந்துக்கு நாலு.

கேட்டு வாங்கியிருக்கலாமே என்கிறீர்கள். கமலவேணியும் அதைத்தான் கேட்டாள். வீட்டுக்குப் போனதும், "ஆள் எப்படி?" என்றாள். "கை சுத்தம். பிடி அளவு மாறல. தண்ணி கேக்காம ஊத்தறாங்க" என்றேன். "பந்தியப் பாக்கச் சொன்னேனா, பையனப் பாக்கச் சொன்னேனா?" என்று கோபித்துக்கொண்டாள். மூன்றாம் நாள்தான் நடந்ததை முழுசாகச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வாயத் தொறந்து, 'தம்பி, இன்னொண்ணு வைப்பா'ன்னு கேட்டிருந்தா கொறஞ்சா போயிருப்பீங்க?" என்றாள்.

நான் எந்தப் பந்தியிலும் கேட்டு வாங்கியதில்லை. எனக்கு அது வராது.

"அப்ப சுகந்திகிட்ட நீ சொல்லேன்" என்றேன். "கெடுத்தது நீங்க. நான் நடுவுல வர மாட்டேன்" என்றாள். சுகந்தியிடம் நானே வாயால் எப்படிச் சொல்வது? சாப்பிட்டால்தான் அதற்கு அர்த்தம். சாப்பிடாமல் சரி என்று சொன்னால், அவள் முகத்துக்காகச் சொன்னதாக ஆகிவிடும். நான் மறுக்கவில்லையே, முடிவு சொல்லாமல் வந்தேன், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டேன். அவளுக்கு அது புரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

இன்றோடு பதினொரு நாள். இந்தப் பதினொரு நாளில் சுகந்தி என்னிடம் நாற்பத்தாறு வார்த்தை பேசியிருக்கிறாள். அதில் பத்தொன்பது "ம்". இராத்திரிச் சாப்பாட்டை ஆஸ்பத்திரி கேன்டீனிலேயே முடித்துக்கொண்டு வருகிறாள். கல்யாணத்தில் தொடாமல் எழுந்த இலை நான் மூன்று பார்த்திருக்கிறேன். மூன்றும் பெரிய சண்டை. ஒரு தாய்மாமன் எழுந்துபோய் இன்றுவரை அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அப்போதெல்லாம் நான் அந்த இலையை எடுக்க விட மாட்டேன். அப்படியே கிடக்கட்டும், மனுஷர் திரும்பி வந்தாலும் வருவார் என்று ஆளை நிறுத்தி வைப்பேன். உங்கள் கடையில் நான் அப்படி ஏழு விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நேற்றுத்தான் அதை எண்ணினேன். முதல் ஆறு எனக்குக் கணக்கில்லை. ஏழாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

என்னம்மா?

யார்? மோவாவா?

பெங்களூர் கிளைக்கு மாற்றலா? எப்போது? இந்த மாதக் கடைசியில். மேனேஜர் அனுப்புகிறாரா, அவராகக் கேட்டாரா?

அவராகவே எழுதிக் கொடுத்திருக்கிறார். என்றைக்கு எழுதிக் கொடுத்தார்? தேதி பார்த்துச் சொல்ல முடியுமா?

பதினொன்றாம் தேதி. திங்கட்கிழமை.

கொஞ்சம் இருங்கள். லைனை வைத்துவிடாதீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

இருக்கிறீர்களா? இன்றைக்கு இருபத்தொன்று. மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. சுகந்திக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்களா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். முந்தாநாள் பெரிய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்தாள். நான் பழைய துணி போடப்போகிறாள் என்று நினைத்தேன். தூசி நன்றாகத் துடைத்திருக்கிறாயே என்று பாராட்டினேன்கூட. அவள் "ம்" என்றாள். அது பத்தொன்பதில் சேரும்.

சரி. உங்கள் கேள்வியெல்லாம் முடிந்ததா? இன்னும் ஒன்று இருக்கிறதா, கேளுங்கள்.

மறுபடி எங்கள் கடைக்கு வருவீர்களா என்பதா? ஐந்தில் எத்தனை என்றா? இதற்கு எண் வேண்டாம் அம்மா. இதற்கு நேராகவே இடம் போட்டுவிடுங்கள். உங்களால் முடியுமல்லவா?

வருகிற ஞாயிறு, இருபத்து நாலு. பகல் ஒன்று முப்பத்தைந்து. ஒன்றரை இல்லை, ஒன்று முப்பத்தைந்து. உங்கள் கடிகாரம் மூன்று நிமிடம் முன்னால் ஓடுகிறது, நான் அன்றைக்கே பார்த்தேன். அந்த நீள மேடையில் மூன்று ஸ்டூல். மூன்றாவது ஆள் என் மனைவி. அவளுக்கு ஏற முடியாது, கை பிடித்து ஏற்ற ஒருவர் வேண்டும். கருப்புச் சட்டைத் தம்பி இருந்தால் சரி, அவருக்கும் ஒரு வேலை ஆயிற்று.

மோவா அன்றைக்கு டியூட்டியில் இருப்பாரா? இருக்கச் சொல்லுங்கள். லீவு என்றால் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அவரிடம் இதை நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், எனக்கு போனில் முன்பின் பழக்கம் இல்லாதவர்களிடம் பேச வராது. சுகந்தியிடம் அவர் சொல்லிக்கொள்வார். வரிசை கெடக் கூடாது.

இன்னொன்று, உட்காருகிற இடம். போன தடவை சுகந்திக்கு இடப்பக்கம் நான் இருந்தேன். அது தப்பு. இந்தத் தடவை அவளுக்கு இடது கோடி ஸ்டூல், முதல் ஸ்டூல். அவளுக்கு வலப்பக்கம் நான். ஏனென்றால் அவள் இடது கையால் சாப்பிடுவாள், நான் வலது கையால் சாப்பிடுவேன். மாற்றி உட்கார்ந்தால் இரண்டு பேரும் சாப்பிடும்போது முழங்கை இடிக்கும்.

ஆமாம் அம்மா. இரண்டு பேரும்தான்.

பெயரா? பெண் வீட்டார் என்று எழுதிக்கொள்ளுங்கள்.